டிஸ்க்கு சாருக்குப் பக்கத்து மேசை

பசை இருந்த இடம்

டிஸ்க்கைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் புத்தகத்தைக் கடைக்காரரிடமே திருப்பி நீட்டினார் அதை வாங்கியவர். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பத்திரிகைக் கடை. நான் அவருக்குப் பின்னால் ஏதோ வார இதழைப் புரட்டுவதுபோல் நின்றிருந்தேன். அந்த மாத இதழில்தான் என் தொடர் ஆரம்பித்திருந்தது. விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு அதை முதலிலிருந்து சொல்லித் தருகிற தொடர். யாராவது வாங்கிப் புரட்டி, நான் எழுதிய பக்கத்தில் கொஞ்சம் நிற்கிறார்களா என்று பார்க்கத்தான் அயோத்தியாப்பட்டணம் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கே நின்றேன்.

டிஸ்க்கோடு வரும் கணினிப் பத்திரிகையில் எழுதுகிறவர், கோயில் பிரசாதத்துக்குத் தொன்னை தைக்கிறவர். தொன்னையை யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லை. உங்களில் யாராவது தொன்னை தைத்திருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது வெறும் வயிற்றெரிச்சலாகத் தெரியும். வயிற்றெரிச்சல்தான்.

கடைக்காரர் நல்லவர். “புஸ்தகத்துக்கும் சேர்த்துத்தானுங்க காசு குடுத்திருக்கீங்க, எடுத்துட்டுப் போங்க” என்றார். டிஸ்க்கை எடுத்தவர் அட்டையில் பசை இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது எதுக்குங்க நமக்கு? டிஸ்க்கு ஒடையாம இருக்கத்தான அட்டை வெச்சிருக்காங்க.”

அம்மிணியும் சாரும்

எங்கள் முதலாளிக்குச் சொந்தத் தொழில் அச்சகம். லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு பில் புத்தகம், ஜவ்வரிசி மூட்டைக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை. கீழே மிஷின் ஓடும். மாடியில் கம்ப்யூட்டர் பத்திரிகை. மாடியில் இரண்டு மேசை. ஒன்றில் நான், எழுதுவது என் வேலை. இன்னொன்றில் கதிர்வேல், டிஸ்க் தயாரிப்பது அவன் வேலை. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் கம்பெனி ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு பாட்டை இணையத்திலிருந்து இறக்கவே பொழுது போய்விடும் காலம் அது. முழு லினக்ஸ் ஒருவர் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால், எங்கள் அட்டையில் ஒட்டிய வட்டத் தகட்டில்தான் வரும். அதனால் வாசகர்கள் அவனை டிஸ்க்கு சார் என்றார்கள். என்னை அம்மிணி என்றார்கள்.

தொடர் ஆரம்பித்தபோதே முதலாளி சொல்லியிருந்தார்: “முடியட்டும் செல்வி, புஸ்தகமாப் போட்டுரலாம்.” என் பெயர் அட்டையில் போட்ட ஒரு புத்தகம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூன்று தடவை திருத்தினேன். கதிர் வார்த்தைகளைத் திருத்துகிறவன் இல்லை. போனை எடுத்தால், “ஒண்ணும் பயப்படாதீங்க சாமி, டிஸ்க்கை உள்ள போட்டுட்டு ஒருக்கா அணைச்சுப் போடுங்க” என்பான். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு வந்த கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும்.

இரண்டு மேசைக்கும் ஒரே போன். ஒரு நாள் கதிர் டீ குடிக்கப் போயிருந்தபோது ராசிபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். டிஸ்க்கைப் போட்டும் பழைய விண்டோஸ்தான் வருகிறது என்றார். கம்ப்யூட்டர் எதிலிருந்து முதலில் விழிக்க வேண்டும் என்ற வரிசையை எங்கே போய் மாற்றுவது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். போனை வைக்காமலே அவர் செய்து பார்த்தார். லினக்ஸ் வந்துவிட்டது. அவர் சந்தோஷமாகச் சொன்னார்: “ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க அம்மிணி. எதுக்கும் டிஸ்க்கு சாரு வந்தா ஒருக்காக் கேட்டு வெய்யுங்க, நீங்க சொன்னது சரிதானான்னு.”

கட்டம் கட்டிய எச்சரிக்கை

லினக்ஸை நிரந்தரமாகப் பதியும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று. புதியவர்கள் பெருந்தன்மையோடு ஆமாம் என்பார்கள். அப்புறம் உள்ளே இருந்தது எதுவும் இருக்காது. இதை நான் அந்த மாதம் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில், பக்கத்தின் நடுவில் போட்டிருந்தேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் அதைப் படிக்காமல் ஆமாம் என்றுவிட்டார். மகளின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் போயின. கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். “தாய்மாமன் மடியில உக்காந்திருந்த படமுங்க. அந்த மாமன் இப்ப இல்லீங்க” என்றார்.

கதிர் இரண்டு நாள் அந்த ஹார்ட் டிஸ்க்கோடு உட்கார்ந்தான். படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. சிலதில் பாதி சாம்பல் நிறம். மாமன் முகம் முழுதாகக் கிடைத்தது. அவர் அழுதார். அந்தக் கட்டத்தை அவர் படித்திருந்தால் இந்தக் கண்ணீருக்கே வேலையில்லை என்று எனக்குத் தோன்றியது. மறுவாரம் அவர் ஒரு பூவன் வாழைத்தாரைச் சுமந்து வந்து கதிர் மேசையில் சாய்த்து வைத்தார். எனக்கும் இரண்டு சீப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் இதழைப் பிரித்துக் கட்டத்தைக் காட்டினேன். நிதானமாக முழுவதையும் படித்தார். “நல்லாத்தானுங்க எழுதியிருக்குது” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இத்தனை முக்கியமான சேதிய புஸ்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சா எப்படீங்க? டிஸ்க்கு மேலயில்ல எழுதோணும்!”

மயிலின் தேர்வு

விற்காத இதழ்கள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்து மாடிப்படிக்குக் கீழே கிடக்கும். பரமத்தி வேலூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து அவற்றை விலைக்குக் கேட்டார். ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்து நானே கட்டுகளை இழுத்துப் போட்டேன். அவர் படியில் உட்கார்ந்து டிஸ்க்குகளை மட்டும் பிய்த்துப் பையில் நிரப்பினார். இதழ்களை ஒழுங்காக அடுக்கி, சணலால் கட்டி, எங்களிடமே விட்டார். சோளக்காட்டில் மயில் தொல்லையாம். டிஸ்க்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளிச்சிட்டு விரட்டிவிடுமாம்.

கதிர் சிரித்துவிட்டான். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. காட்டில்கூட அவன் வேலைக்கு ஓர் உபயோகம் இருந்தது. “புத்தகத்தையும் கொண்டு போங்க, படிக்கலாமே” என்றேன். அவர் சங்கடப்பட்டார். என்னைப் புண்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “கொண்டு போலாமுங்க. ஆனா எழுத்துக்கு மயிலு பயப்படாதுங்களே, அம்மிணி.”

ஆத்தூரில் கைதட்டல்

ஆத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எங்கள் இருவரையும் பேசக் கூப்பிட்டார்கள். அரிசி ஆலை மாடியில் நடந்தது அந்த சென்டர். தவிட்டு வாசனைக்கு நடுவில் வரிசையாக நாற்காலி. நான் முதலில் பேசினேன். லினக்ஸ் யாருடையது, அது ஏன் இலவசம், இலவசம் என்பதற்கும் சுதந்திரம் என்பதற்கும் என்ன தொடர்பு என்று விளக்கினேன். தயாரித்துக்கொண்டு போன பேச்சு. பின்வரிசையில் ஒருவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். மறைத்தது மரியாதைதான்.

அடுத்து கதிர். அவன் பேசவே இல்லை. டிஸ்க்கை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினான். கம்ப்யூட்டருக்குள் போட்டான். அது முனகிக்கொண்டே சுற்றியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரையில் லினக்ஸ் தமிழ் எழுத்துகளோடு விரிந்தபோது எழுந்த கைதட்டலில் கீழே ஆலை ஆட்கள் மேலே ஏறி வந்துவிட்டார்கள். அவனை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான் ஓரத்தில் நின்றேன். அப்புறம் வந்த படத்தில் என் தோள் மட்டும் இருந்தது. கிளம்பும்போது சென்டர்க்காரர் ஓடி வந்தார். “மேடம், உங்க பேச்சு ரொம்ப ஆழமா இருந்துச்சு” என்றார். நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள், “டிஸ்க் ஏதாச்சும் மிச்சம் இருந்தா குடுத்துட்டுப் போங்களேன்.”

ஒரு வரி இடம்

தொடர் முடியப் போகும் நேரத்தில் முதலாளி புத்தகத்தின் அட்டை மாதிரியை எடுத்து வந்தார். அட்டையின் நடுவில் பெரிதாக ஒரு வட்ட ஓட்டை. உள்ளே வைத்திருக்கும் டிஸ்க் அதன் வழியாகத் தெரியும். வாங்குகிறவர் கையில் எடுக்கும் முன்னாலேயே டிஸ்க் இருப்பது தெரிய வேண்டுமாம். ஓட்டைக்கு மேலே தலைப்பு. கீழே ஒரே ஒரு வரிக்கு இடம். அந்த வரியில் யார் பெயர் என்று கேட்டேன்.

கதிர் பெயர்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. “எழுதுனது நீதான். இல்லைன்னு சொல்லல. ஆனா கடையில வந்து யார் பேரைக் கேக்கறாங்க?” என்றார். இரண்டு பெயரையும் போடலாமே என்று கதிர் தன் மேசையிலிருந்து சொன்னான். அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டியதை அவன் கேட்டுவிட்டான். முதலாளி அட்டையைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இந்த மாத இதழ் போகட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்றார். மாடிப்படியில் இறங்கும்போது, காரணத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதுபோல நின்று திரும்பினார்: “ரெண்டு பேரு வெச்சா ஓட்டை சின்னதாயிரும் செல்வி.”

அவிழ்க்காத மூட்டை

அந்த மாத டிஸ்க்தான் கதிர் கெடுத்த ஒரே டிஸ்க். குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு என்று ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் மூலப் பிரதியைத் தயாரித்தான். முழு லினக்ஸும் ஒரே கோப்பாக ஒடுங்கியிருக்கும். அதை விரித்துத்தான் டிஸ்க்கில் எழுத வேண்டும். இவன் அந்தக் கோப்பை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போட்டுவிட்டான். வழக்கமாக மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் போட்டுச் சோதிப்பான். அன்றைக்கு அதற்குள் கரண்ட் போய்விட்டது. பிரதி எடுக்கிறவர்கள் கொடுத்ததை அப்படியே எடுத்துத் தந்தார்கள். இதழ்கள் கடைக்குப் போய்விட்டன. முதலாளிக்கு நான்தான் விளக்கினேன்: பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குச் சோறு போடாமல் ஆளுக்கொரு அரிசி மூட்டையை இலைமேல் இறக்கி வைத்திருக்கிறோம் என்று.

போன் ஓயவில்லை. ஊரிலிருந்து திரும்பிய கதிர் முதல் நாலைந்து அழைப்புகளை எடுத்தான். “என்ர தப்புத்தானுங்க சாமி” என்றான். அப்புறம் எடுக்கப் பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டான். சொல்லக் கூடாதுதான், அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு ருசித்தது. வேலை செய்யாத ஒரு டிஸ்க். அதை வைத்திருப்பவர்களுக்கு இனி எழுத்து ஒன்றுதான் கதி. நான் உட்கார்ந்து அரைத்தாளில் எழுதினேன். அந்த ஒற்றைக் கோப்பை எப்படிக் கம்ப்யூட்டருக்குள் எடுப்பது, வெற்று டிஸ்க்கில் அதை விரித்து எழுத எந்த இடத்தைத் தேடுவது, சொந்தமாக எழுதும் வசதி இல்லாதவர் பிரவுசிங் சென்டரில் போய் என்ன சொல்லிக் கேட்பது. ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை. நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். கீழே மிஷினில் ஓட்டி, பஸ்ஸில் போட்டு எல்லா ஏஜெண்டுகளுக்கும் அனுப்பினோம். அடியில் என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு முதலாளி, துண்டு நோட்டீசுக்கு எதுக்கும்மா பேரு என்றுவிட்டார்.

இரண்டு நாளில் போனின் குரல் மாறியது. வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தாளைப் பார்த்து வரிவரியாகச் செய்தார்களாம். தங்கள் கையாலேயே ஒரு லினக்ஸ் டிஸ்க் எழுதிவிட்டார்கள். சிலர் அக்கம்பக்கத்துக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் படித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ராசிபுரத்துக்காரரும் கூப்பிட்டார். அவர் சத்தம் போனுக்கு வெளியே கேட்டது, மேலே வந்திருந்த முதலாளியும் நின்று கேட்டார்: “என்ன மூளைங்க டிஸ்க்கு சாருக்கு! வேணும்னேதானுங்க இப்படிப் பண்ணியிருக்காரு. அவரே எழுதிக் குடுத்தா நாம எங்கத்த கத்துக்கறது? நம்ம கையாலயே பண்ண வெச்சுட்டாரு பாருங்க!”

உள்பக்கம்

கதிர் நாற்காலியை விட்டு எழுந்தான். “அப்படியெல்லாம் இல்லீங்க முதலாளி. நாங் கெடுத்தேன், அக்கா சரி பண்ணுச்சு. அந்தத் தாளை எழுதுனது அக்கா. புஸ்தகத்துல அக்கா பேரைப் போடுங்க, எம்பேரு வேண்டாம்” என்றான். உண்மையாகவே சொன்னான். அவன் காது சிவந்திருந்தது. முதலாளி அவன் தோளைத் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பார்த்தியா செல்வி, எப்பேர்ப்பட்ட மனசு! இவன் பேரைப் போடாம வேற யார் பேரைப் போடறது, சொல்லு?”

இப்போது

புத்தகம் வந்துவிட்டது. ஓட்டைக்குக் கீழே கதிர்வேல் என்று இருக்கிறது. அட்டையைத் திருப்பி, அச்சக முகவரிக்கு மேலே பார்த்தால் என் பெயரும் இருக்கிறது, பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பக்கத்து மேசைக்காரனின் பெயர் கேட்டு வரும் போன்களை எடுத்துக் காது காய்த்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பொறாமைப்படுவதென்றால் கெட்டவன் ஒருவனாகப் பார்த்துப் பட வேண்டும், நல்லவன் மேல் படுவது பெரிய அலுப்பு.

நேற்று முற்பகல் போன் வந்தது. கதிர்தான் எடுத்தான். அந்தப் பக்கத்துக் கேள்விக்கு அவன் வழக்கமாகச் சொல்லும் பதில் போதவில்லை போலிருக்கிறது. ஒரு நிமிசம் இருங்க சாமி என்று சொல்லி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, புத்தகத்தை எடுத்து விரித்தான். என் ஏழாவது அத்தியாயம். வரிக்குக் கீழே விரலை ஓட்டி, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரக்கப் படித்தான். நான் கால்புள்ளி வைத்த இடத்திலெல்லாம் நின்றான். அந்தப் பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொள்கிறார் என்று தெரிந்தது. அவருக்காகக் கதிர் படித்த வரியையே திரும்பப் படித்தான், ஒரு சொல் மாறாமல். மேலே ஃபேன் பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் புரட்டப் பார்த்தது. அவன் முழங்கையால் அமுக்கினான், பக்கம் நிற்கவில்லை.

நான் எழுந்து போய், என் டீ டம்ளரை அவன் விரல் இருந்த வரி மறையாதபடி பக்கத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.